மண்டல மாநாட்டுக்கு லேபிளிங் கட்டுரை அனுப்பலாமா?

மார்த்தாண்டம் பக்கமிருந்து, முனைவர் பட்ட ஆய்வின் முதலாம் ஆண்டில் இருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். நாகர்கோவிலில் ஒரு கல்லூரி, தனிநிலைக் கணிதமும் (டிஸ்கிரீட் மேத்தமேடிக்ஸ்) கணினியியலும் என்ற பொருளில் இரண்டு நாள் மண்டல மாநாடு ஒன்றை நடத்தவிருக்கிறது. கோட்டுரு என்பது முனைகள் எனும் புள்ளிகளும் அவற்றை இணைக்கும் விளிம்புகள் எனும் கோடுகளும் கொண்ட அமைப்பு; லேபிளிங் என்பது அவற்றுக்கு விதிப்படி எண்ணிடுவது. சில கோட்டுருக் குடும்பங்கள் சராசரி லேபிளிங் ஏற்பவை என்று காட்டும் கட்டுரை ஒன்றை அவர் எழுதி வைத்திருக்கிறார். வழிகாட்டி அனுப்பச் சொல்கிறார். உடன் ஆய்வு செய்யும் தோழியோ, மண்டல மாநாடுகளுக்கு மதிப்பு கிடையாது, பணமும் இரண்டு நாளும் வீண் என்கிறார். சான்றிதழைத் தவிர ஏதாவது மிஞ்சுமா என்பதே கேள்வி. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த மாவட்டத்தில் கணிதம் கற்பித்து, இத்தகைய மாநாடுகளில் பேசியும் அமர்வுகளுக்குத் தலைமை தாங்கியும் இரண்டு முறை நடத்தியும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அனுப்புங்கள், ஆனால் இப்போதுள்ள வடிவில் அனுப்பாதீர்கள்.

வடிவத்தைப் பற்றிப் பேசுமுன், இந்தத் துறை இந்த மூலையில் இவ்வளவு வேரூன்றியது எப்படி என்று அறிந்துகொள்வது நல்லது. 1990-இல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டு, நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டங்களின் கல்லூரிகள் அதன்கீழ் வந்தபோது, ஆய்வுக்கூடமோ விலையுயர்ந்த கருவியோ இல்லாத கல்லூரிகளிலும் முனைவர் பட்ட ஆய்வு நடத்தக்கூடிய பாடமாகக் கோட்டுருவியல், அதாவது நாம் வகுப்பில் கிராஃப் தியரி என்று சொல்வது, கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. தாளும் பென்சிலும் போதும், சிக்கலை எம்.எஸ்சி. மாணவருக்கும் அரைமணி நேரத்தில் விளக்கிவிடலாம். சிறீவில்லிபுத்தூர் அருகே கிருஷ்ணன்கோவிலில் தனிநிலைக் கணிதத்துக்கென்றே ஓர் ஆய்வு மையம் வளர்ந்தது. நீங்கள் கையில் வைத்திருக்கும் சராசரி லேபிளிங்கே இந்தப் பக்கத்தில் பிறந்ததுதான். சோமசுந்தரமும் பொன்ராஜும் 2003-இல் அறிமுகப்படுத்தியது அது. ஆகவே உங்கள் கட்டுரையை வரிக்கு வரி பின்தொடரக்கூடிய ஆட்கள் அடர்த்தியாக இருக்கும் பகுதியில்தான் இந்த மாநாடு நடக்கிறது. தோழியார் இதைக் கணக்கில் எடுக்கவில்லை.

அதே அடர்த்திதான் ஒரு குறைபாட்டுக்கும் காரணம். லேபிளிங் ஆய்வின் ஊற்றுக்கண் விளையாட்டான ஒன்றன்று. ஒரு மரத்துக்கு, அதாவது சுற்று எதுவும் இல்லாத இணைந்த கோட்டுருவுக்கு, எத்தனை விளிம்புகள் இருக்கின்றனவோ, அந்த எண்ணிக்கையின் இரு மடங்கோடு ஒன்றைக் கூட்டி, அத்தனை முனைகள் கொண்ட, எல்லா முனைகளும் ஒன்றோடொன்று இணைந்த முழுமைக் கோட்டுருவை எடுத்தால், அதை அந்த மரத்தின் பிரதிகளாகவே மிச்சமின்றிப் பிரித்துவிடலாம் என்று 1963-இல் கணிதவியலாளர் ரிங்கெல் ஊகித்தார். அந்த ஊகத்தைத் தாக்குவதற்கான கருவியாகத்தான் 1967-இல் ரோசா முனைகளுக்கு எண்ணிடும் முறைகளை வகுத்தார். அவற்றில், விளிம்புக்கு அதன் இரு முனை எண்களின் வேறுபாட்டை இட்டால் 1 முதல் கடைசி வரை ஒவ்வொன்றும் ஒருமுறை வரும் முறைக்கு, பின்னர் சாலமன் கோலம்ப் என்பவர் 'கிரேஸ்ஃபுல்' என்று பெயரிட்டார். ரிங்கெலின் ஊகம் போதிய அளவு பெரிய மரங்கள் எல்லாவற்றுக்கும் உண்மை என்று 2020-இல் மாண்ட்கோமரி, போக்ரோவ்ஸ்கி, சுதாகோவ் ஆகிய மூவர் நிறுவினர். எல்லா மரங்களும் கிரேஸ்ஃபுல்லா என்ற கேள்வி இன்றும் திறந்தே கிடக்கிறது. இவ்வளவு ஆழமான இடத்தில் தொடங்கிய ஒன்று, நம்முடைய அமர்வு அறைகளுக்கு வந்து சேரும்போது எப்படி ஆகிவிடுகிறது என்றால், புதிதாக ஒரு லேபிளிங் வரையறுக்கப்படும். பிறகு பாதை அதை ஏற்கும், சுற்று ஏற்கும், ஏணி ஏற்கும், சீப்பு ஏற்கும் என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வாய்பாடு எழுதப்படும். ஒவ்வொரு வாய்பாடும் ஒரு தேற்றமாகும். கேலியன் 1998-இல் வெளியிட்டு இன்றுவரை புதுப்பித்துவரும் லேபிளிங் தொகுப்பாய்வு ஐந்நூறு பக்கங்களைத் தாண்டிவிட்டது. அதைப் புரட்டினால் நம் மாவட்டத்துக் கல்லூரிகளின் வாசனை ஆங்காங்கே வீசும். பெருமைப்படலாம், அதே சமயம், 'இதுவும் ஏற்கும்' என்ற இன்னொரு வரியை அதில் சேர்ப்பதற்காக மட்டும் ஒருவர் மூன்றாண்டு செலவிட வேண்டுமா என்றும் யோசிக்கலாம்.

உங்கள் கட்டுரைச் சுருக்கத்தைப் படித்தபோது அந்த வாய்பாட்டு மணம்தான் அடித்தது. நான்கு குடும்பங்கள், நான்கு தேற்றங்கள், நான்கும் 'ஏற்கும்' என்பவை. ஏற்காதது ஒன்றுகூட இல்லை. ஏற்காததைத் தேடுங்கள் என்பதே என் முதல் ஆலோசனை. எடுத்துக்காட்டு ஒன்றை முழுதாகவே செய்து காட்டுகிறேன்.

சராசரி லேபிளிங்கில், விளிம்புகள் எத்தனையோ அந்த எண் வரை, பூச்சியத்திலிருந்து தொடங்கி, முனைகளுக்கு வெவ்வேறு எண்களை இடுகிறோம். ஒவ்வொரு விளிம்புக்கும் அதன் இரு முனைகளின் சராசரி. பின்னமாக வந்தால் அடுத்த முழு எண்ணுக்கு உயர்த்திக்கொள்கிறோம். விளிம்புகளுக்கு 1, 2, 3 என்று கடைசி வரை ஒவ்வொன்றும் ஒருமுறை வந்துவிட்டால் வெற்றி. இப்போது மூன்று கைகள் கொண்ட நட்சத்திரத்தை எடுங்கள். மையத்துக்கு 2, கை நுனிகளுக்கு 0, 1, 3. விளிம்புகள் முறையே 1, 2, 3 ஆகின்றன. ஏற்கிறது. நான்கு கைகள் என்றால்? விளிம்பு 4 வேண்டுமென்றால் அதன் இரு முனைகளும் 3-உம் 4-உமாகத்தான் இருக்க முடியும். விளிம்பு 1 வேண்டுமென்றால் முனைகள் 0-உம் 1-உமாகவோ 0-உம் 2-உமாகவோ இருக்க வேண்டும். ஆனால் நட்சத்திரத்தில் எல்லா விளிம்புகளுக்கும் பொதுவான முனை மையம். மையம் 3 அல்லது 4 ஆகவும் வேண்டும், 0, 1, 2 ஆகிய மூன்றில் ஒன்றாகவும் வேண்டும், நடக்காது. ஐந்து கைகளுக்கும் ஐம்பது கைகளுக்கும் இதே வாதம் மாற்றமின்றிச் செல்லும்.

இந்தச் சிறு வாதத்தில், நான்கு வாய்பாட்டுத் தேற்றங்களில் இல்லாத ஒரு பொருள் இருக்கிறது. மிகப் பெரிய விளிம்பு எண்ணும் மிகச் சிறிய விளிம்பு எண்ணும் கோட்டுருவின் இரு வேறு இடங்களைக் கேட்கின்றன என்பது தெரிகிறது. எல்லா விளிம்புகளும் ஒரே முனையில் குவிந்தால் அந்த இரண்டு இடங்களும் மோதுகின்றன. உடனே அடுத்த கேள்வி தானாக எழுகிறது: எல்லாம் குவியாமல், பெரும்பாலானவை மட்டும் ஒரு முனையில் குவிந்தால் என்ன ஆகும்? இரண்டு நட்சத்திரங்களின் மையங்களை ஒரு விளிம்பால் இணைத்தால், கைகளின் எண்ணிக்கையில் எவ்வளவு வேறுபாடு வரை தாங்கும்? ஒரு மரத்தில் ஒரே முனையில் எத்தனை நுனிகள் தொங்கினால் லேபிளிங் உடைகிறது? இப்படிப்பட்ட கேள்வியோடு நீங்கள் மேடையேறினால், அறையில் இருக்கும் இருபது பேரில் நான்கு பேராவது தாளை எடுத்துக் கிறுக்கத் தொடங்குவார்கள். மண்டல மாநாட்டின் பயன் என்று நான் கருதுவது அந்தக் கிறுக்கலைத்தான். 'ஏற்கும்' என்று மட்டும் சொல்லி முடித்தால் கைதட்டுவார்கள். தலைவர் அடுத்த பெயரை அழைப்பார்.

இனி, மாநாட்டின் பெயரில் இருக்கும் கணினியியலைப் பற்றி. அழைப்பிதழில் அச்சொல் பெரும்பாலும் அழகுக்காகவே ஒட்டிக்கொண்டிருக்கும். கணினித் துறையினர் ஓர் அறையிலும் கணிதத் துறையினர் மற்றோர் அறையிலும் அமர்ந்துவிட்டு, இரு தரப்பும் சாப்பாட்டுப் பந்தியில் மட்டும் சந்திப்பார்கள். உங்களைப் போன்றவருக்கு இது வீணாகும் வாய்ப்பு. லேபிளிங் கேள்விகளைப் போலக் கணினிக்கு ஏற்றவை குறைவு. 12 விளிம்புகள் கொண்ட மரத்துக்கு 13 முனைகள். அவற்றுக்கு 0 முதல் 12 வரை எண்களை இடும் வழிகள் 622 கோடிக்கும் மேல். எல்லாவற்றையும் கண்மூடித்தனமாகச் சோதித்தால் கணினி திணறும். ஆனால் மேலே சொன்ன வாதத்தையே நிரலுக்குக் கற்றுக்கொடுங்கள்: 12-உம் 11-உம் அடுத்தடுத்த முனைகளில் இருந்தே ஆக வேண்டும், ஆகவே முதலில் அவற்றை வை, அடுத்து விளிம்பு 11 வருவதற்கு 12-உம் 10-உமோ, 12-உம் 9-உமோ, 11-உம் 10-உமோ அடுத்தடுத்து இருக்க வேண்டும், ஆகவே அந்த மூன்றை மட்டும் பார், பொருந்தாவிட்டால் ஒரு படி பின்வாங்கு. இந்தப் பின்வாங்கும் தேடலை எழுதுவதற்கு பைத்தான் நிரல்மொழியில் ஐம்பது வரிகூட ஆகாது. சிறிய மரங்கள் எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்து, ஏற்காதவற்றை மட்டும் ஒரு பட்டியலாக வரைந்து சுவரில் ஒட்டிவையுங்கள். ஒரு வாரம் பார்த்துக்கொண்டிருந்தால் அவற்றுக்குள் பொதுவாக ஓடும் ஒன்று கண்ணில் படும். அதை ஊகமாக எழுதி, கையால் நிறுவ முயலுங்கள். முழுதும் நிறுவ முடியாவிட்டாலும் பரவாயில்லை. பட்டியலும் ஊகமும் பாதி நிறுவலும் கொண்ட கட்டுரை, நான்கு வாய்பாடுகள் கொண்ட கட்டுரையைவிடப் பல மடங்கு மேல்.

கணினியில் சோதித்தது நிறுவல் ஆகாதே என்று யாராவது எழுந்து கேட்பார். நம் பக்கத்தில் அந்தக் கேள்வியைக் கேட்பதற்கென்றே சிலர் இருக்கிறார்கள். தயங்காமல் ஒப்புக்கொள்ளுங்கள். 35 முனைகள் வரையுள்ள மரங்கள் அனைத்தும் கிரேஸ்ஃபுல் என்று கணினி வழியே சரிபார்த்த பின்னும் அந்த ஊகம் ஊகமாகவே இருக்கிறது. மறுபுறம், எந்த வரைபடத்தையும் அடுத்தடுத்த நாடுகள் ஒரே நிறம் பெறாமல் நான்கு வண்ணங்களால் தீட்டலாம் என்னும் நான்கு வண்ணத் தேற்றத்தை 1976-இல் அப்பெலும் ஹேக்கனும் கணினியின் துணையோடு நிறுவியபோது எழுந்த முணுமுணுப்பு, 2005-இல் கோந்தியே அதை முறைசார் நிறுவலாகக் கணினியிலேயே சரிபார்த்த பின் அடங்கிவிட்டது. எல்லையுள்ள சோதனை வேறு, எல்லையற்றதை எல்லையுள்ள வகைகளாகச் சுருக்கிவிட்டு அவற்றைச் சோதிப்பது வேறு. உங்களுடையது எந்த வகை என்று உரையிலேயே ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டால் பாதிக் கேள்விகள் எழாது.

பயன்பாடு என்ற கடைசிப் பத்தியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். லேபிளிங் கட்டுரைகள் எல்லாம் 'இது தகவல் தொடர்பு வலையமைப்பிலும் குறிமறையியலிலும் பயன்படுகிறது' என்று முடிகின்றன. எப்படிப் பயன்படுகிறது என்று கேட்டால் பதில் வராது. நானும் இளமையில் அப்படி ஒரு வரி எழுதியவன்தான். திருவனந்தபுரத்திலிருந்து வந்திருந்த பேராசிரியர் ஒருவர் அமைதியாக, 'எந்த வலையமைப்பு?' என்று கேட்டபோது என் கையிலிருந்த சாக்பீஸ் இரண்டாக உடைந்தது நினைவிருக்கிறது. பயன்பாடு இல்லையென்றால் அந்தப் பத்தியை வெட்டிவிடுங்கள்; தூய கணிதத்துக்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. பயன்பாட்டைக் காட்டித்தான் ஆக வேண்டும் என்று வழிகாட்டி வற்புறுத்தினால், அது இயல்பாகவே அமைந்த வேறொரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் மாவட்டச் சாலைகளையே ஓர் எளிய கோட்டுருவாக வரையலாம். நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்கும் ஆரல்வாய்மொழிக்கும் தக்கலைக்கும் குளச்சலுக்கும் விளிம்புகள். தக்கலையிலிருந்து குளச்சலுக்கும் குலசேகரத்துக்கும் மார்த்தாண்டத்துக்கும். மார்த்தாண்டத்திலிருந்து குலசேகரத்துக்கும் களியக்காவிளைக்கும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்தபோது போல மரங்கள் சாய்ந்து மாவட்டம் முடங்கும் நாளில், ஒவ்வோர் ஊருக்கும் தன்னிலோ அடுத்த ஊரிலோ ஒரு மீட்புக் கிடங்கு இருக்க வேண்டும் என்றால், குறைந்தது எத்தனை கிடங்குகள் தேவை? இதுதான் ஆதிக்கக் கணம், அதாவது டாமினேட்டிங் செட், பற்றிய கேள்வி. நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் வைத்தால் எட்டு ஊர்களும் அடங்கிவிடுகின்றன. ஒன்றே போதாதா? போதாது, கன்னியாகுமரிக்குக் கன்னியாகுமரியிலோ நாகர்கோவிலிலோ ஒன்று வேண்டும், களியக்காவிளைக்குக் களியக்காவிளையிலோ மார்த்தாண்டத்திலோ ஒன்று வேண்டும், இந்த இரண்டு இணைகளுக்கும் பொதுவான ஊர் இல்லை. எட்டு ஊர்களுக்கு இது மனக்கணக்கு. எண்ணூறு ஊர்கள் என்றால், எல்லாக் கோட்டுருக்களுக்கும் விரைவாக விடை தரும் வழிமுறை எதுவும் இன்றுவரை அறியப்படவில்லை. இந்தச் சிக்கல், விரைவான வழிமுறை இருக்காது என்று பலரும் கருதும் என்பி-முழுமை வகையைச் சேர்ந்தது. ஆனால் கோட்டுரு ஒரு மரமாக இருந்தால், நுனிகளிலிருந்து உள்நோக்கி ஒரே நடையில் விடை காணும் முறையை காக்கெய்ன், குட்மேன், ஹெடெட்னீமி மூவரும் 1975-இலேயே கொடுத்துவிட்டார்கள். மரத்துக்கும் பொதுக் கோட்டுருவுக்கும் இடையில் எந்த வகையில் எளிமை முறிகிறது என்று கேட்பதில், கணிதமும் கணினியியலும் ஒன்றையொன்று உண்மையாகவே தேடிப் போகின்றன.

அடுத்தது வெளியீடு. மாநாட்டுத் தொகுதி ஐ.எஸ்.பி.என். எண்ணோடு வரும் என்று அழைப்பிதழில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த எண் புத்தகத்துக்கான அடையாள எண் மட்டுமே. கோலப் புத்தகத்துக்கும் அது கிடைக்கும். கட்டுரையை யாராவது படித்துத் திருத்தினார்களா என்பதற்கு அது சான்று அல்ல. அமைப்பாளரிடம் நேராகக் கேளுங்கள்: கட்டுரைகளை மதிப்பிடுபவர்கள் உண்டா, அவர்களின் குறிப்பு எழுத்தில் கையில் கிடைக்குமா? கிடைக்கும் என்றால் முழுக் கட்டுரையைக் கொடுக்கலாம். இல்லையென்றால் இரண்டு பக்கச் சுருக்கம் மட்டும் கொடுத்துவிட்டு, முழு வடிவத்தைப் பின்னர் நல்ல ஆய்விதழுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே முழுதாக அச்சான ஒன்றை ஆய்விதழ்கள் பொதுவாக ஏற்பதில்லை. என் மாணவர் ஒருவர், அச்சுப் பிழைகள் மலிந்து பதினெட்டு மாதம் கழித்து வந்த ஒரு தொகுதியில் தம்முடைய மிகச் சிறந்த முடிவைப் புதைத்துவிட்டுப் பின்னர் வருந்தினார். முனைவர் பட்டத்துக்கு இது கட்டாயமா என்ற உங்கள் துணைக்கேள்விக்கு: பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016 விதிமுறை, ஆய்வேடு சமர்ப்பிக்கும் முன் ஓர் ஆய்விதழ்க் கட்டுரையும் இரண்டு மாநாட்டு உரைகளும் வேண்டும் என்றது, 2022 விதிமுறை அந்தக் கட்டாயத்தை நீக்கிவிட்டது. ஏற்கத்தக்க ஆய்விதழ்களைக் குறித்த அதன் கேர் பட்டியலையும் 2025-இல் கைவிட்டுவிட்டார்கள். ஆனால் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனக்கென்று நிபந்தனை வைத்துக்கொள்ளலாம் என்பதால், நீங்கள் பதிவு செய்த நாளுக்குரிய விதியை ஆய்வுப் பிரிவில் எழுத்து வடிவில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மதிப்பைப் பற்றித் தோழியார் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. வழிமுறைகளும் தனிநிலைக் கணிதமும் பற்றி 2015-இல் தொடங்கிய கால்டாம் மாநாடு, 2016-இல் இங்கிருந்து எழுபது கிலோமீட்டருக்குள் திருவனந்தபுரத்திலேயே நடந்தது. அதில் முழுக் கட்டுரைகள் மதிப்பிடப்பட்டு, தேர்ந்தவை மட்டும் ஸ்பிரிங்கர் தொகுதியில் வருகின்றன. அங்கே பேசுவதும் இங்கே பேசுவதும் ஒன்றல்ல. ஆனால் அங்கே போகும் கட்டுரை எங்கேயாவது முதலில் உதைபட்டிருக்க வேண்டும் அல்லவா? உதைபடுவதற்கு நாகர்கோவில் நல்ல இடம். உரை ஆங்கிலத்தில் இருக்கும். விவாதம் மூன்றாம் நிமிடத்திலேயே தமிழுக்குத் தாவிவிடும், கேரளத்திலிருந்து வந்தவர்களுடன் பாதி மலையாளத்துக்கும் போகும். 'அந்த இரண்டாவது வகையில மையம் ஒற்றை எண்ணா இருந்தா என்ன பண்ணுவீங்க?' என்று தாய்மொழியில் ஒருவர் கேட்கும்போது, மழுப்புவதற்கு இடமே இருக்காது.

நடைமுறை விஷயங்கள் சில. முதல் நாள் காலை குத்துவிளக்கு, பொன்னாடை, வரவேற்புரை என்று பதினொன்றரை மணி ஆகிவிடும். பத்து நிமிட உரை ஆறு நிமிடமாகக் குறைக்கப்படுவது வழக்கம் என்பதால் ஆறு நிமிட வடிவம் ஒன்றையும் தயாராக வைத்திருங்கள். வரையறைகளை எல்லாம் திரையில் கொட்டாதீர்கள். அந்த நட்சத்திரத்தைக் கரும்பலகையில் வரைந்து, எண்களை இட்டு, உடைவதைக் காட்டுங்கள், அதற்கு இரண்டு நிமிடம் போதும். கேள்வி கேட்டவரின் பெயரையும் கேள்வியையும் இறங்கியவுடன் எழுதிக்கொள்ளுங்கள். நிகழ்ச்சி நிரல் வந்ததும் உங்கள் உரை எந்த அமர்வில் இருக்கிறது என்று பாருங்கள். இரண்டாம் நாள் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் என்றால், முன்கூட்டியே அமைப்பாளரிடம் தயங்காமல் மாற்றிக் கேளுங்கள். அந்த நேரத்தில் நெல்லைக்காரர்கள் வடசேரியில் பேருந்து பிடிக்கக் கிளம்பியிருப்பார்கள், சான்றிதழ் வாங்கக் காத்திருப்பவர்கள் மட்டும்தான் அறையில் இருப்பார்கள்.